உலோக விண்கப்பல்: என்ஜின் குழல் நான்காவது முறையும் கழன்றுவிட்டது

அரைக்கோளம்:

வணக்கம் நண்பர்களே. ஒரு மாதமாக ஒரே கப்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி தனியாக உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மேசையில் ஆடும் விண்கப்பல் போர் விளையாட்டுக்கான சின்ன உருவம், பழைய உலோக வார்ப்பு, மொத்தம் ஒன்பது துண்டு. நடு உடல் 11 செ.மீ., கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கிறது. பின்பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய கைகள் வெளிப்புறமாகச் சாய்ந்து மேலே போகின்றன, ஒவ்வொரு கையின் நுனியிலும் 5 செ.மீ. நீளமுள்ள என்ஜின் குழல் ஒன்று உட்கார வேண்டும். தட்டு ஆண்டெனா, கோபுரம், இரண்டு பீரங்கி வரிசை, உடலோடு சேரும் கைகள் எல்லாம் முதல் நாளே ஒட்டியாகிவிட்டது, அவற்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. இந்தக் குழல்கள்தான். கையும் குழலும் தொடும் இடம் 3 மி.மீ.க்கு 2 மி.மீ., அவ்வளவுதான். அதுவும் குழலின் நடுவில் இல்லை, முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கிறது.

முதல் தடவை ப்ரைமர், அதாவது வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு, அடிக்கும்போது விழுந்தது. இரண்டாவது தடவை கப்பலைத் திருப்பி வைத்தபோது. மூன்றாவது தடவை தானாகவே, இரவில், யாரும் தொடாமல். நேற்று விளையாட்டின் மூன்றாம் சுற்றில் எதிரே இருந்தவர் பகடையை எடுக்கக் கை நீட்டினார், சட்டை நுனி பட்டது, போய்விட்டது. ஒவ்வொரு முறையும் சூப்பர் க்ளூதான் போட்டேன், கடைசி இரண்டு முறை அதோடு வேகமாக இறுகச் செய்யும் ஸ்ப்ரேயும் சேர்த்தேன். இதைவிட வலுவான பசை எது? யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பித்தளைக்கம்பி:

பசையை மாற்றும் முன் ஒரு கேள்வி. உடைந்த இடம் எப்படி இருக்கிறது? பசை இரண்டு பக்கமும் பிய்ந்து ஒட்டியிருக்கிறதா, ஒரே பக்கத்தில் நிற்கிறதா? நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அரைக்கோளம்:

இப்போதுதான் பார்த்தேன். குழலின் பக்கம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கிறது. பசை முழுக்கக் கையின் நுனியிலேயே மெல்லிய கண்ணாடித் தகடு மாதிரி நிற்கிறது. அந்தத் தகட்டின் மேல் குழலின் வார்ப்புத் தோல், அதாவது அந்தச் சொரசொரப்பு, அச்செடுத்தது போலப் பதிந்திருக்கிறது. அதற்கு அர்த்தம் இருக்கிறதா?

பித்தளைக்கம்பி:

இருக்கிறது. பசை உடையவில்லை நண்பரே, அது குழலில் ஒட்டவே இல்லை. கையின் நுனியை அரத்தால் தேய்த்திருப்பீர்கள், குழலைத் தேய்த்திருக்க மாட்டீர்கள். சரிதானா?

இந்தச் சிறிய உருவங்களை வார்ப்பது சுழலும் ரப்பர் அச்சில். அச்சிலிருந்து வார்ப்பு எளிதாகக் கழன்று வர டால்க் போன்ற பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடியும் கை எண்ணெயும் வார்ப்புத் தோலின் பள்ளங்களில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பசை பொடியைப் பிடித்துக்கொள்ளும், உலோகத்தை அல்ல. எல்லாத் துண்டுகளையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டும் முகம் இரண்டையும் பளிச்சென்று புது உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கீறல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

இது பாதிதான். மீதிப் பாதி கனம். உங்கள் குழல் 7 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் கன அளவு ஏறக்குறைய 1.9 கன செ.மீ. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, ஆக ஒரு குழல் 14 கிராம். அதே குழல் பிளாஸ்டிக்கில் இருந்தால் ஏறக்குறைய 2 கிராம்தான் வரும், எந்தப் பசையிலும் நிற்கும். அந்த 14 கிராம் நடுவில் உட்காராமல் பின்பக்கம் தொங்குகிறது. வால் நுனிக்கும் மூட்டுக்கும் 33 மி.மீ., மூட்டின் அகலம் 3 மி.மீ. வால் நுனியில் சட்டை பட்டால் அந்த விசை மூட்டின் விளிம்பில் பத்து மடங்குக்கு மேல் பெருகி நெம்புகிறது. சூப்பர் க்ளூவை நேராக இழுத்தால் நிறையத் தாங்கும். ஓரத்திலிருந்து நெம்பினால் கண்ணாடி மாதிரி விட்டுவிடும். அதன் குணமே அது. நீங்கள் போட்ட ஸ்ப்ரே அதை இன்னும் நொறுங்கலாக்கியிருக்கும்.

ஆகவே கம்பி செருகுங்கள். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. கைக்குள் 4 மி.மீ., குழலுக்குள் 3 மி.மீ. அப்போது நெம்பும் விசையைப் பசை சுமக்காது, கம்பி சுமக்கும். பசைக்கு அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை.

துளையிடுவது பற்றி: மோட்டார் டிரில் வேண்டாம், கையால் சுழற்றும் சின்ன டிரில் போதும். முதலில் ஊசியால் ஒரு குழி குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். மெழுகுத் துண்டில் பிட்டை ஒருமுறை குத்தி எடுத்துவிட்டுத் துளையுங்கள். இந்த உலோகம் மென்மையானது, பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு அதை இறுக்கிப் பிடிக்கும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

எதிர்த் துளை எங்கே வரவேண்டும் என்று கண்டுபிடிக்க, கையின் துளையில் கம்பியைச் செருகி அரை மி.மீ. மட்டும் வெளியே நீட்டி வெட்டிவிடுங்கள். வெட்டிய முனையில் ஒரு துளி பெயிண்ட். குழலைச் சரியான நிலையில் வைத்து மெல்ல அழுத்தினால் புள்ளி விழும். அங்கே துளை.

தீக்கோல்:

மேலே சொன்னதில் கழுவுவது, தேய்ப்பது எல்லாம் சரி. ஆனால் உலோகத்தை உலோகத்தோடு சேர்க்க எதற்குப் பசை என்பதுதான் என் கேள்வி. சால்டரிங் செய்து பற்றவைத்துவிடுங்கள். நான் என் கப்பல்கள் எல்லாவற்றையும் பற்றவைத்தே சேர்க்கிறேன், ஒரு மூட்டுகூட இதுவரை விடவில்லை.

சாதாரண ஈயப்பற்று இதற்கு ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் யாராவது முயற்சி செய்துவிடக் கூடாது. வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும். பழைய கப்பல்களில் பல அதே இரண்டு உலோகங்களின் கலவைதான், அதனால் பற்று உருகும் அதே நேரத்தில் கப்பலும் உருகி மேசையில் குட்டையாகத் தேங்கும். காரீயம் இல்லாத புதிய வார்ப்புகளும் அதற்குப் பெரிதாக மேலே இல்லை, சுத்த வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும். வெள்ளை உலோக மாடல்களுக்கென்று 70 டிகிரியில் உருகும் பற்று தனியாக இருக்கிறது, பிஸ்மத் கலந்தது. ரயில் மாடல் செய்பவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் இரும்பு அவசியம். பற்று நன்றாகப் பிடிக்க உதவும் திரவ ஃப்ளக்ஸைத் தூரிகையால் மூட்டில் தடவி, இரும்பின் நுனியில் ஒரு சின்ன மணியளவு பற்றை எடுத்துத் தொட்டால், பளீரென்று ஒரு நொடியில் மூட்டுக்குள் உறிஞ்சிக்கொண்டு போகும். அதைப் பார்ப்பதற்கே இந்த வேலையைச் செய்யலாம். முடிந்ததும் கழுவ வேண்டும், ஃப்ளக்ஸ் அமிலம், விட்டுவைத்தால் அரிக்கும்.

இன்னொன்று, பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைப்பதாக இருந்தால் கம்பிக்கு முதலில் சாதாரணப் பற்றால் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். 70 டிகிரிப் பற்று வெறும் பித்தளையில் ஒட்டாது.

பித்தளைக்கம்பி:

அண்ணா, உங்கள் வேலையைப் படங்களில் பார்த்திருக்கிறேன், குறை சொல்லவே முடியாது. ஆனால் முதன்முறையாக இரும்பைப் பிடிக்கும் ஒருவர் 2 மி.மீ. தடிமனுள்ள கையில், அதுவும் மாற்றுத் துண்டு கிடைக்காத பழைய கப்பலில், இதைத் தொடங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கனமான குழல் சூட்டை இழுத்துக்கொள்ளும், மெல்லிய கையோ உடனே சூடேறிவிடும். சூடு சமமாகப் பரவாத இந்த மாதிரி மூட்டுத்தான் கற்றுக்கொள்வதற்கு மிக மோசமான இடம். தவிர, குறைந்த சூட்டில் உருகும் பற்றுகள் பலவற்றில் காட்மியம் இருக்கிறது. அந்தப் புகையை மூடிய அறையில் சுவாசிப்பது விளையாட்டல்ல. வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

தீக்கோல்:

ஒத்துக்கொள்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து, புகையை வெளியே தள்ளும் மின்விசிறியோடுதான் செய்ய வேண்டும். கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் வார்ப்போடு வரும் பிசிறுத் துண்டுகளையும் உலோகத் தண்டுகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து அவற்றில் பழகட்டும். அதே உலோகம், அதே உருகுநிலை. அரைக்கோளத்துக்கு இந்த ஒரு கப்பலுக்கு மட்டும் கம்பியும் எப்பாக்ஸிப் பசையும் போதும் என்றே நானும் சொல்கிறேன்.

மெதுவாகச்செய்:

நான் இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், ஒருவரும் கோணத்தைப் பற்றிப் பேசவில்லை. என்னைக் கேட்டால் இந்த வகைக் கப்பலில் வலுவைவிடக் கஷ்டமானது அதுதான். 1979-இல் ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் என்ற விண்கப்பல் போர் விளையாட்டு வந்த காலத்திலிருந்தே மெல்லிய கைகளில் இரட்டை என்ஜின் என்ற வடிவம் மேசையில் இருக்கிறது, அந்த வடிவத்தில் இரண்டு குழலும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக வண்ணம் பூசினாலும் கண் நேராக அந்தக் கோணலுக்குத்தான் போகும். ஒரு டிகிரி விலகினால்கூட 5 செ.மீ. நீளத்தில் முனை ஏறக்குறைய 0.9 மி.மீ. தள்ளிப்போகிறது. இரண்டு குழலும் எதிரெதிர்த் திசையில் விலகினால் அது இரட்டிப்பு. அதைக் கண் பிடித்துவிடும்.

அதனால்தான் நான் சூப்பர் க்ளூவுக்கு எதிரி. பத்து நொடியில் தீர்ப்பு எழுதிவிடுகிறது, மறுபரிசீலனைக்கு இடமே இல்லை. இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி ஐந்து நிமிடம் தருகிறது, மெதுவாக இறுகும் வகை இன்னும் அதிகம் தருகிறது. துளையைக் கம்பியைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். 0.8 கம்பிக்கு 1 மி.மீ. துளை. அந்த இடைவெளியில் குழலைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பிச் சரிசெய்யலாம், மிச்ச இடத்தை எப்பாக்ஸி நிரப்பிவிடும். சூப்பர் க்ளூவால் இடைவெளியை நிரப்ப முடியாது, எப்பாக்ஸியால் முடியும், இந்த வேலைக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

என் முறை இது. ஒரு தாளில் நேர்கோடு போட்டு அதற்கு இருபுறமும் குழல் வரவேண்டிய தூரத்தில் இரண்டு இணைகோடுகள் போடுவேன். கப்பலைத் தலைகீழாக, உடலின் நடுக்கோடு தாளின் நடுக்கோட்டின் மேல் வரும்படி, பொம்மைக் களிமண்ணில் அழுத்தி நிறுத்துவேன். தலைகீழாக வைப்பதால் குழல்கள் தாளிலேயே படுத்துக்கொள்ளும், கனம் மூட்டை இழுக்காது. மேலிருந்து கனமான உடலைத்தான் தாங்க வேண்டும், அதைக் களிமண் பார்த்துக்கொள்ளும். பசை போடாமல் ஒருமுறை முழுதாக நிறுத்திப் பார்த்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றி, எப்பாக்ஸி போட்டு மறுபடி நிறுத்துவேன். எப்பாக்ஸி கெட்டியாகும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைப் பின்னால் வைத்து முகம் பார்ப்பது போலப் பார்ப்பேன். நேராகப் பார்க்கும்போது தெரியாத கோணல் கண்ணாடியில் உடனே தெரிந்துவிடும், ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கு எப்போதும் அப்படித்தான். அப்புறம் ஒருநாள் முழுக்கத் தொடமாட்டேன். ஐந்து நிமிட எப்பாக்ஸி என்று எழுதியிருந்தாலும் முழு வலு வர 24 மணி நேரம் வேண்டும்.

பழைய_பெட்டி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய கப்பல் என்றதும் எனக்கும் ஒரு சந்தேகம். பல வருடம் மர அலமாரியில் இருந்த ஒரு பெட்டியைத் திறந்தேன், சில கப்பல்களில் வெள்ளையாக மாவு போலப் பூத்திருக்கிறது. தொட்டால் உதிர்கிறது. இதுதான் குளிரில் வெள்ளீயத்துக்கு வரும் அந்த நோயா? ஒட்டும் முன் என்ன செய்ய வேண்டும்?

பித்தளைக்கம்பி:

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மாவை ஊதாதீர்கள். அது வெள்ளீய நோய் இல்லை. வெள்ளீய நோய் என்பது சுத்த வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நீண்ட காலம் இருந்தால் சாம்பல் நிறப் பொடியாக மாறுவது, ஆனால் உருவம் வார்க்கும் கலவைகளில் இருக்கும் ஆன்டிமனி, பிஸ்மத் போன்றவை அதை வரவிடாது. உங்களுடையது ஈய அரிப்பு. பழைய வார்ப்புகளில் காரீயம் நிறைய இருந்தது. சில மரங்கள், குறிப்பாக ஓக், மெதுவாக அசிட்டிக் அமில ஆவியை விடும், வினிகர் வாடை வருமே, அதே அமிலம்தான். மூடிய அலமாரியில் அந்த ஆவி காரீயத்தைத் தின்று கடைசியில் ஈயக் கார்பனேட் ஆக்கிவிடுகிறது. அந்த வெள்ளை மாவு விஷம்.

ஈரத்துணியாலும் ஈரமான பிரஷ்ஷாலும் துடைத்தெடுங்கள், காயவைத்துத் தேய்க்காதீர்கள். துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடியில் உலோகம் உறுதியாக இருந்தால் காயவைத்து உடனே ப்ரைமரோ வார்னிஷோ அடித்துக் காற்றுப் படாமல் மூடிவிடுங்கள். பிறகு மர அலமாரிக்குத் திரும்ப அனுப்பாதீர்கள். 1990களில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறிவிட்டார்கள், அதனால் அதற்குப் பிந்தைய கப்பல்களுக்கு இந்தப் பயம் குறைவு. மெல்லிய கைகள் ஏற்கெனவே பள்ளம் விழுந்து அரிக்கப்பட்டிருந்தால் அவற்றில் துளை போடாதீர்கள், பொடிந்துவிடும். அதே வடிவத்தில் பித்தளைத் தகட்டிலிருந்து புதிய கை வெட்டிக்கொள்வதே நல்லது.

பழைய_பெட்டி:

மிக்க நன்றி. ஊதத்தான் போனேன்.

அரைக்கோளம்:

முதல் அறிக்கை. கழுவினேன், தேய்த்தேன். குழலின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்ததும் மங்கிய சாம்பல் போய் வெள்ளி மாதிரி மின்னியது, இத்தனை நாள் அந்தச் சாம்பல்தான் உலோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையில் இருந்த பழைய பசைத் தகட்டை எடுக்கத்தான் நேரமானது. அசிட்டோனில் பஞ்சை நனைத்துச் சுற்றி வைத்தேன், ஒரு மணி நேரத்தில் ஜவ்வு மாதிரி இளகி உரிந்து வந்தது.

இடது பக்கம் நன்றாக வந்தது. வலது பக்கம் 3 மி.மீ. போனதும் அவசரப்பட்டு, சுருளைத் தட்டாமல் ஒரே மூச்சாகச் சுற்றினேன். டக் என்று ஒரு சத்தம். பிட் உள்ளேயே முறிந்துவிட்டது. வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டில்லை, பிடித்து இழுக்க முடியாது. கப்பலே போனதா?

பித்தளைக்கம்பி:

கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழலில் முறிந்ததா, கையில் முறிந்ததா?

அரைக்கோளம்:

குழலில்.

பித்தளைக்கம்பி:

அப்படியானால் நல்லதாகப் போயிற்று, அங்கே இடம் இருக்கிறது. முறிந்த துண்டைத் தோண்டி எடுக்க முயற்சி செய்யாதீர்கள். எஃகு கடினம், சுற்றியுள்ள உலோகம் மென்மை, தோண்டினால் பள்ளம்தான் பெரிதாகும். அப்படியே இருக்கட்டும். உங்கள் மூட்டு 3 மி.மீ. நீளம். முறிந்த இடத்திலிருந்து நீளவாக்கில் 1 மி.மீ. தள்ளி, 0.5 மி.மீ. பிட்டால் புதிய துளை போடுங்கள். கையிலும் அதற்கு எதிரே ஒன்று. ஏற்கெனவே போட்ட கைத்துளையில் எப்பாக்ஸி நிரப்பி ஒரு குட்டைக் கம்பியை வைத்து மட்டமாக அரத்தால் தேய்த்துவிடலாம்.

மெல்லிய கம்பி வளைந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் 0.5-க்கு மட்டும் பித்தளைக்குப் பதிலாக எஃகுக் கம்பி போடுங்கள். ஆனால் நல்ல கட்டரால் அதை வெட்டாதீர்கள், கட்டரின் வெட்டும் விளிம்பில் பள்ளம் விழுந்துவிடும். அரத்தால் சுற்றிக் கீறி உடையுங்கள்.

தீக்கோல்:

அரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த உலோகம் ஊசி அரத்தின் பற்களில் அப்பிக்கொண்டு அது வழுவழுவென்று ஆகிவிடும், பிறகு அது தேய்ப்பது போலத் தோன்றுமே தவிர கீறிக்கொண்டே இருக்கும். வேலைக்கு முன் அரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிடுங்கள், அப்பாது. அப்பியதைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பல்லின் போக்கிலேயே இழுத்து எடுக்கலாம்.

மெதுவாகச்செய்:

வண்ணம் பூசி முடித்துவிட்டு ஒட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குழல்களுக்குப் பின்னால் தூரிகை போகாது என்றால் தனித்தனியாகப் பூசுங்கள், தப்பில்லை. ஆனால் ஒட்டும் முகத்தையும் துளையையும் பிறகு உரித்தெடுக்கக்கூடிய களிமண்ணால் மூடிவிட்டுப் பூசுங்கள். பெயிண்டின் மேல் ஒட்டினால் அந்த மூட்டு பெயிண்டை மட்டும்தான் பிடித்திருக்கும்.

அதைவிட முக்கியமாக, கப்பல் எதன் மேல் நிற்கப்போகிறது?

அரைக்கோளம்:

பெட்டியோடு வந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தண்டுதான். உடலின் நடுவில் ஒரு துளை கொடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இரண்டு குழலும் ஏறியதும் கப்பல் பின்பக்கம் சாய்கிறது, ஒரு கோணத்தில் தண்டும் வளைவது தெரிகிறது.

மெதுவாகச்செய்:

அதுதான் அடுத்து முறியப்போகிறது. அது முறிந்தால் கப்பல் மேசையில் விழும், விழுந்தால் முதலில் அடிபடுவது குழல். எத்தனை கம்பி போட்டும் தண்டு பலவீனமாக இருந்தால் வீண்.

எல்லாவற்றையும் பசை போடாமல் கம்பியில் செருகிவிட்டு, உடலின் அடியில் ஒரு அளவுகோலைக் குறுக்காகக் கொடுத்துத் தூக்குங்கள். முன்னும் பின்னும் சாயாமல் தராசு போல நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு. அந்தக் கோட்டில்தான் தண்டு வரவேண்டும். பக்கவாட்டில் கப்பல் சமச்சீர் என்பதால் நடுக்கோடு போதும். கொடுத்த துளை அங்கே இல்லாவிட்டால் அதை மறந்துவிடுங்கள், புதியது போடுங்கள்.

விதிக்கு முரணாகிவிடுமோ என்று கவலை வேண்டாம். 1999-இல் வந்த பேட்டில்ஃப்ளீட் காதிக் விளையாட்டில் தூரத்தைத் தண்டிலிருந்துதான் அளக்கிறோம், உருவத்தின் மூக்கிலிருந்தோ வாலிலிருந்தோ அல்ல. கப்பல் தண்டின் மேல் ஒரு செ.மீ. முன்னோ பின்னோ உட்கார்ந்தால் கணக்கு மாறாது. நீங்கள் விளையாடுவது வேறு விதியாக இருந்தாலும் எதிரே விளையாடுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

தண்டுக்கு 3 மி.மீ. பித்தளைக் குழாய் போடுங்கள். உடலுக்குள் குறைந்தது 6 மி.மீ. போகட்டும். உடல் கெட்டியான வார்ப்பு என்று சொன்னீர்கள், தாங்கும். துளையை 1 மி.மீ. பிட்டில் தொடங்கி 2, 3 என்று ஏற்றிக்கொண்டு போங்கள், எடுத்ததும் 3 மி.மீ. பிட்டை வைக்காதீர்கள், அது தன் இஷ்டத்துக்கு உலோகத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். அடித்தட்டின் கீழே எஃகு வாஷர்களை ஒட்டினால் கவிழாது, பெட்டிக்குள் காந்தத் தகட்டில் நிற்கவும் வைக்கலாம். நுரைப்பஞ்சுக்குள் திணித்து எடுத்துப்போவதை இந்தக் கப்பலுக்கு விட்டுவிடுங்கள். பஞ்சு அழுத்துவது நேராகக் குழல்களின் மேல்தான்.

பழைய_பெட்டி:

கழற்றி மாட்டும்படி வைக்க முடியாதா? குழலுக்குள் காந்தம் வைத்தால்?

பித்தளைக்கம்பி:

14 கிராம் தொங்கும்போது 2 மி.மீ. காந்தம் நேராக இழுப்பதைத் தாங்கும், சுழல்வதைத் தாங்காது. குழல் தலைகுனிந்து நிற்கும். இதைவிடப் பெரிய மூட்டுள்ள கப்பலில் முயன்று பாருங்கள், இதில் வேண்டாம்.

அரைக்கோளம்:

பதினோரு நாள் கழித்து வருகிறேன். முழு விவரமும் சொல்ல வேண்டும், இத்தனை பேர் நேரம் செலவழித்திருக்கிறீர்கள்.

வலது குழலில் 0.5 எஃகுக் கம்பி, இடதில் 0.8 பித்தளை. தாளில் மூன்று கோடு போட்டுத் தலைகீழாக நிறுத்தினேன். பசை போடாமல் நிறுத்தியபோது எல்லாம் சரியாக இருந்தது, கண்ணாடியை வைத்ததும் வலது குழலின் வால் உள்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. புதிய துளை கொஞ்சம் சாய்வாகப் போயிருக்கிறது. கம்பியை வளைக்கலாமா, துளையைப் பெரிதாக்கலாமா என்று யோசித்து, துளையைத்தான் ஒரு பக்கமாக அரித்துப் பெரிதாக்கினேன், 0.5 பிட்டைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக. எப்பாக்ஸி அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டது. வழிந்ததைக் கெட்டியாகும் முன் பல்குத்தும் குச்சியால் வழித்து எடுத்தேன். இரண்டு பக்கமும் முனைகளின் இடைவெளியை அளந்தேன், முன்னால் 46, பின்னால் 46.5. அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, எனக்குப் போதும்.

மூட்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி இருந்தது. நீலமும் மஞ்சளுமாக வரும் கிரீன் ஸ்டஃப் என்ற எப்பாக்ஸிப் புட்டியைக் கலந்து, ஈர விரலால் நூல் போல உருட்டி, அந்த இடுக்கில் வைத்து ஊசியின் பின்பக்கத்தால் அழுத்தினேன். இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை முதலில் வெட்டி எறிந்துவிட்டேன், முன்பு ஒருமுறை அதையும் சேர்த்துக் கலந்து கட்டி கட்டியாக வந்தது. இப்போது வழுவழுப்பாக இருக்கிறது. மூட்டு இருக்கும் இடமே தெரியவில்லை.

சமநிலைக் கோடு கொடுத்த துளையிலிருந்து 14 மி.மீ. பின்னால் வந்தது. பழைய துளையைப் புட்டியால் மூடிவிட்டேன். பித்தளைக் குழாயின் மேல் வைத்துக் கையை எடுத்தேன், அப்படியே நின்றது. எந்தப் பக்கமும் சாயவில்லை. கொஞ்ச நேரம் சும்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஆறு சுற்று விளையாடினோம். நாலாம் சுற்றில் அதே நண்பரின் கை மறுபடி பட்டது, இந்த முறை சட்டை நுனி இல்லை, முழங்கை. கப்பல் அடித்தட்டோடு சேர்ந்து மேசையில் இரண்டு செ.மீ. நகர்ந்தது. குழல்கள் இருந்த இடத்தில் இருந்தன. தட்டு ஆண்டெனா மட்டும் கழன்று விழுந்தது, அதைப் பழைய முறையில் கழுவாமல் ஒட்டியிருந்தேன்.

பித்தளைக்கம்பி:

அருமை. ஆண்டெனாவின் அடியில் பசை எந்தப் பக்கம் நிற்கிறது?

அரைக்கோளம்:

உடலின் பக்கம். ஆண்டெனா சுத்தமாக இருக்கிறது. இப்போதுதான் சோப்புத் தண்ணீரில் போட்டேன்.